கமிஷனர் கேட்ட எச்சில்

ஒற்றைத் தலைமுடியை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்யும் துணிச்சல் உங்களுக்கு உண்டா? அவருக்கு உண்டு. இடுக்கியில் பிடித்து விளக்கடியில் நீட்டுவார். "சுருட்டை. சாயம் வேற. இங்க சாயம் அடிக்கிறது யாரு?" தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கிக்குள் மூடிக்கொண்டு நிற்பவர்களில் ஒருவர் மெல்ல நழுவுவார். அந்தத் தூய்மை அறையில் அவருக்குக் கமிஷனர் என்று பெயர்.

அங்கே தயாராவது சிலிக்கான் தகடுகள். உள்ளங்கை அகலம், மெல்லிசு. அணுத்துகள்களை மோதவிடும் இடத்தைச் சுற்றி இவற்றை அடுக்கடுக்காக நிறுத்துவார்கள். சிதறிப் பறக்கும் துகள் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகும். புள்ளிகளைச் சேர்த்தால் அது வந்த வழி தெரியும். தகட்டை மின்சுற்றோடு இணைக்கும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. அதன்மேல் ஒரு முடி விழுந்தால் மரம் விழுந்த மாதிரி. இயந்திரம் கம்பி தைக்கும்போது கமிஷனர் மூச்சைக்கூட அளந்துதான் விடுவார். முடிந்ததும் முகமூடிக்குள்ளேயே, "போ ராசாத்தி, பொழைச்சுக்கோ" என்று தகட்டுக்கு விடைகொடுப்பார்.

ஒற்றைப் புள்ளியைக் காட்டி யாராவது பாதை சொன்னால் மட்டும் விடமாட்டார். "ஒரு புள்ளியிலேர்ந்து எந்தப் பக்கம் வேணாலும் கோடு இழுக்கலாம்யா. அடுத்த தகட்டைக் காட்டு."

இதையே வீட்டில் கேட்டபோதுதான் வந்தது வினை.

அவர் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குப் பின்னால் கருவி உண்டு. ஆனால் வாயைவிடக் கைதான் வேகமாகப் பேசும். அத்தை, அதாவது கமிஷனரின் நாத்தனார், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவள் உள்ளே கருவியைக் கழற்றிவிடுவாள். கெட்டிக்காரி. வந்ததும் நாத்தனார் ஆரம்பித்துவிடுவார்: "அந்தக் கதிர்வீச்சு வேலைதான் புள்ள காதைத் தின்னுடுச்சு. எங்க வழியில ஏழு தலைமுறைக்கு இப்படி ஒண்ணு கிடையாது."

"நாங்க சோதிச்சுப் பாக்குறது வானத்துலேர்ந்து தானா வர்ற துகளை வச்சு, அண்ணி. அது கூரையைத் துளைச்சுக்கிட்டு இப்ப உங்க தலைக்குள்ளயும் போயிட்டுத்தான் இருக்கு."

நாத்தனார் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பேச்சைத் தள்ளிப்போடவில்லை. அடுத்த குழந்தைக்கு முன் கமிஷனர் வேலையை விட்டாகவேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஊரார் கணக்கையெல்லாம் தோண்டித் துருவும் தணிக்கையாளரான கணவரும், "அக்கா நிம்மதிக்காகவாவது விட்டுடேன்" என்றார்.

மருத்துவமனை ஏற்கெனவே பாதிக் கதையைச் சொல்லியிருந்தது. காது கேட்பதற்குத் தேவையான மரபணு ஒன்று. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி வரும்; மகளிடம் இரண்டுமே பழுது. கமிஷனரிடம் ஒன்று பழுது, ஒன்று சரி; அதனால் அவருக்கு நன்றாகவே கேட்கிறது. அப்படியானால் மகளின் மற்றொரு பழுதுப் பிரதி எங்கிருந்து வந்தது? தணிக்கையாளருக்கு இந்தக் கூட்டல் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான், மரபணுச் சோதனைக்கு எச்சில் பிடித்துத் தரச்சொல்லி அவருக்குக் கொடுத்த குழாய் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. பெண்ணின் உடம்பை ஊரே கூடி அலசலாம். ஆணின் எச்சில் மட்டும் அந்தரங்கமாம்!

கடைசியாக நாத்தனார் வந்தபோது கமிஷனர் அந்தக் குழாயை எடுத்துவந்து கணவர் முன் வைத்தார்.

"இதுல துப்பிட்டு, வேலையை விடுன்னு சொல்லுங்க. அப்ப பேசலாம்."

"அக்கா முன்னாடியா?"

"அவங்க முன்னாடிதானே விடச் சொன்னீங்க?"

"என் தம்பியை ஏம்மா அசிங்கப்படுத்துற?" என்றார் நாத்தனார்.

"இதுல என்ன அசிங்கம் அண்ணி? நான் குடுத்தேன். உங்க தம்பி மகளும் குடுத்தா. எனக்குள்ள ஒரு பழுது இருக்குன்னு உங்ககிட்டயே சொல்றேன், குடியா முழுகிடுச்சு? இது யார் குத்தமும் இல்ல. ஆனா என் வேலைமேல பழி போட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்."

கணவர் குழாயை விரல் நுனியால் தள்ளிவைத்தார். மகள் பெரியவர்களின் உதடுகளை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பிக் கைகளால் கேட்டாள்: அப்பாவுக்குப் பயமா?

அந்தக் கை சொன்னது கணவருக்கும் புரியும். காது சிவந்துபோனது. உறையைப் பிரித்தார். குழாயை உதட்டருகே கொண்டுபோனார். ஒன்றும் வரவில்லை, வாய் வறண்டு கிடந்தது.

மகள் அவர் முன்னால் போய் நின்றாள். கன்னத்தை உள்ளே இழுத்து, நாக்கைச் சுழற்றி, எச்சிலை எப்படி ஊறவைப்பது என்று செய்துகாட்டினாள். அவர் அவளைப் பார்த்துப் பார்த்து அப்படியே செய்தார். துப்பினார். மூடியைத் திருகி, சீட்டில் தன் பெயரைத் தானே எழுதி ஒட்டினார்.

ஒரு தாயைப் பார்த்து 'இது யார் வழி?' என்று கேட்க உங்களுக்கும் வாய் ஊறினால், ஊறுவதை வீணாக்காதீர்கள். முதலில் அதை ஒரு குழாயில் பிடித்துக் கொடுங்கள்.