தகரத்தில் நின்ற கூண்டு

என் மகள் பழைய ஜீப் ஒன்றைச் சேற்றுப் பந்தயத்தில் ஓட்டப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி கவிழ்ந்தால் தலை நசுங்காமல் இருக்க, இருக்கையைச் சுற்றி இரும்புப் பைப்பில் கூண்டு கட்டவேண்டும். அதை விம்கோ நகரில் எங்கள் வெல்டிங் பட்டறையில் மருமகனே கட்டினார்.

எனக்கும் மருமகனுக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியும், சாப்பிடக் கூப்பிடுவதானாலும் மகள் வழியாகத்தான். கூச்சம்.

அன்று மகள் போல்ட் வாங்க மணலி போயிருந்தாள். மருமகன் கூண்டின் நாலு காலையும் ஜீப்பின் தரைத் தகட்டின்மேல் நிறுத்தி, பொட்டுப்பொட்டாகப் பற்றவைத்திருந்தார். தகட்டில் புதுப் பெயின்ட் பளபளத்தது. டீ கொடுக்கப் போனவள், கிடந்த சுத்தியலை எடுத்துத் தகட்டைத் தட்டிப் பார்த்தேன். பதினைந்து வருடம் ராயபுரத்தில் இரும்புப் படகுகளுக்குத் துரு தட்டியவள் நான். நல்ல இரும்பு கணீரென்னும். இது தொப்தொப்பென்றது.

மருமகன் சிரித்தார். “இன்னா அத்தே, இதுவும் படகுன்னு நெனச்சுக்கினீங்களா?”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்தேன். “அடில துரு. வண்டி கவுந்தா கால் தகட்டைப் பொத்துக்கினு பூடும். கூண்டை சேசிஸ்ல வைங்க.”

“ரெண்டு நாள் ஆவும் அத்தே. ஞாயித்துக்கெழம பந்தயம். எறங்குங்க.”

“கூண்டுக் காலை அறுக்கற வரைக்கும் எறங்க மாட்டேன்.”

“உங்க பொண்ணு வந்து என்னத்தான் கத்துவா!”

“கத்தட்டும். உசுரோட இருந்து கத்தட்டும்.”

அவர் சுத்தியலை வாங்கி, என் பக்கத்தில் ஓங்கி ஒன்று போட்டார். பெயின்ட்டோடு தகடு உள்ளே போயிற்று. ஓட்டை வழியே பட்டறை மண் தெரிந்தது. பிறகு கட்டிங் மெஷினை எடுத்தார். நான் இறங்கினேன்.

தரைத் தகட்டை வெட்டி, வண்டியின் முழுப்பாரத்தையும் தாங்கி அடியில் ஓடும் சேசிஸ் சட்டத்திலேயே கனத்த பட்டைகளை எழுப்பி, அவற்றின்மேல் நாலு காலையும் நிறுத்தினார். மகள் வந்து, ஞாயிறு போச்சே என்று கத்தத்தான் செய்தாள்.

“உங்கம்மாதான் சொல்லிச்சு.”

“எங்கம்மாவா? உன்னாண்ட பேசுச்சா?” என்றாள். ஞாயிறு அவளுக்கு மறந்தேபோனது.

அடுத்த பந்தயத்துக்கு முந்தின நாள், மருமகனே சுத்தியலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நாலு காலையும் தட்டினேன். அன்று ஓட்டை விழுந்த இடத்து முன்பக்க இடது காலை மட்டும் இரண்டு தரம். எல்லாம் கணீரென்றன.

“இன்னா அத்தே, ஓட்டலாமா?”

“ஓட்டட்டும்,” என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.