வக்கீல் கடிதம் வந்தால்

மதியம் ஒரு மணி. நீதிமன்றத் தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. ஜெராக்ஸ் கடைக்குள் ஞா எதெல்மிரா மட்டும் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஐஸ் மிதக்கும் தெரெரே மூலிகைத் தண்ணீரை உறிஞ்சியபடி ஒன்பதாவது கம்பெனியின் எண்ணை அழுத்துகிறார். இணையதளங்களுக்குத் தங்கள் கம்ப்யூட்டரில் இடம் கொடுக்கும் கம்பெனிகள் அவை. எட்டில் ஐந்து, இந்த நேரத்தில் போனை எடுக்கவே இல்லை. அந்த ஐந்தையும் நோட்டில் அடித்தாயிற்று.

"இருபத்துநாலு மணி நேரமும் பேசுவோம்னு எழுதியிருக்கான். அதான் நாடே தூங்குற நேரமாப் பார்த்துக் கூப்பிடறேன்" என்பார்.

எடுத்தவர்களிடம் கேட்பது ஒரே கேள்வி. "என் வெப்சைட்டை உங்ககிட்ட வைக்கிறேன். நாளைக்கு என்மேல ஒரு வக்கீல் கடிதம் வருது. முதல்ல யாரைக் கூப்பிடுவீங்க? என்னையா, வக்கீலையா?" எதிர்முனை வேகம், முதல் வருடச் சலுகை, அளவில்லாத இடம் என்று பாடத்தை ஒப்பிக்கும். "அளவே கிடையாதா? பரானா ஆத்துக்கே கரை இருக்கு தம்பி. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு." தம்பி மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்வான். அந்தப் பெயரும் அடிபடும்.

ஐம்பத்தெட்டு வயது; அந்த வயதுக்கு மரியாதையாகத்தான் பெயருக்கு முன்னால் 'ஞா'. குள்ளம். ஒரு கண்ணாடி மூக்கில், இன்னொன்று தலையில். இந்த ஊரின் விவாகரத்து, வயல் தகராறு, பாகப்பிரிவினை எல்லாம் அவருடைய மெஷின் கண்ணாடிமேல் ஒருதரமாவது குப்புறப் படுத்தவைதான். எதையும் படிப்பதில்லை என்று சத்தியம் செய்வார். நம்புவதும் நம்பாததும் நம் பாடு. நகல் எடுக்காமல் எந்தக் காகிதத்தையும் கைவிட மாட்டார். பூனையின் தடுப்பூசி அட்டைக்குக்கூட மூன்று பிரதி உண்டு. கல்யாணப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டால், "புருஷன் ஓடிட்டான், நகல் பத்திரமா இருக்கு" என்று சிரிப்பார்.

அவருடைய தளத்தில் எழுத்தே கிடையாது. ஊருக்குப் பின்னால் ஓடும் ஓடையைத் தினமும் காலை ஆறு மணிக்குப் பாலத்தில் நின்று ஒரு படம் எடுப்பார். தேதி போட்டு ஏற்றிவிடுவார். நான்கு வருடமாக ஒரு நாள் தவறவில்லை. சில நாள் தண்ணீர் தெளிவாக இருக்கும். மேலே இருக்கும் மரவள்ளி மாவு ஆலை கழிவைத் திறந்துவிட்ட நாட்களில் வெள்ளை நுரை பாலத்துக் கால்களைச் சுற்றி நிற்கும், மீன் மல்லாந்து கிடக்கும். "நான் யாரையும் ஒண்ணும் சொல்லலியே. ஓடையைக் காட்டுறேன், அவ்வளவுதான்." வருகிற வியாழக்கிழமை ஆலையின் உரிமத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்று நகராட்சி கூடி முடிவு செய்கிறது. ஆலை வழவழப்பான அறிக்கை ஒன்றைக் கொண்டு வரும். ஊரின் பக்கம் இருப்பது இந்தப் படங்கள் மட்டும்தான். உறுப்பினர்கள் பார்ப்பது தளத்தைத்தான்; அன்றைக்கு அது திறக்கவில்லை என்றால் ஊர் வெறுங்கையோடு நிற்கும்.

இந்தத் தளத்துக்கு முதலில் தன் கம்பெனியில் இடம் கொடுத்திருந்தவர் எவாரிஸ்தோ. அவர் மகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர் எதெல்மிரா. எங்கள் பக்கம் அந்த உறவு கூடப்பிறந்ததைவிட ஒரு படி மேல். ஞானத்தாயை கோமாத்ரே, பிள்ளையின் அப்பனை கொம்பாத்ரே என்று கூப்பிட்டுக்கொண்ட பிறகு ஒப்பந்தம் எங்கே, கையெழுத்து எங்கே என்று கேட்பது அசிங்கம். பூனைக்கே மூன்று பிரதி வைத்திருந்தவர் கொம்பாத்ரேவிடம் ஒரு துண்டுச்சீட்டும் வாங்கவில்லை. தளத்தின் பெயரைக்கூட எவாரிஸ்தோ தன் பேரிலேயே பதிந்துகொண்டார். போன மாதம் ஆலை வக்கீலின் கடிதம் வந்த இரண்டு மணி நேரத்தில் தளத்தை மூடிவிட்டார். சொன்னது மறுநாள்.

"கோமாத்ரே, மனசுல வெச்சுக்காதீங்க. வக்கீல் பெரிய கை. எனக்கும் பிழைப்பு இருக்குல்ல."

"கடிதத்துல நீதிபதி கையெழுத்து இருந்துச்சா?"

"இல்ல..."

"அப்ப அது வெறும் காகிதம், கொம்பாத்ரே. ஒரு நாளைக்கு ஐந்நூறு பார்க்குறேன், எனக்குத் தெரியாதா?"

அன்று மாலை கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதார். தளம் போனதற்காக இல்லை. படங்கள் மூன்று இடத்தில் பத்திரமாக இருந்தன, ஒன்று பாதிரியாரின் அலமாரியில். எவாரிஸ்தோ மறுநாள்வரை வாயைத் திறக்காமல் இருந்தாரே, அதற்காக. ஞானப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வழக்கம்போல் பரிசு போயிற்று. அப்பனோடு பேச்சு நின்றது.

ஒன்பதாவது கம்பெனி வெளிநாட்டில், மொந்தெவிதேயோ நகரில் நாலு பேர் நடத்தும் கூட்டுறவு. இரண்டாவது மணி அடிக்கும்போதே போனை எடுத்தவள் நொயெலியா என்று பெயர் சொன்னாள்.

"கடிதம் வந்தா அப்படியே உங்களுக்கு அனுப்பிடுவோம்மா. நீதிபதி உத்தரவு வந்தாத்தான் தளத்துல கை வைப்போம். ஒப்பந்தத்துல ஏழாவது பத்தி. படிச்சுப் பாருங்க, நான் லைன்லயே இருக்கேன்."

"பேரை யார் பேர்ல பதியறது?"

"உங்க பேர்லதான். தன் பேர்ல பதியறேன்னு சொல்ற எவனையும் நம்பாதீங்க. நாங்க சொன்னாலும்தான்."

எதெல்மிரா உறிஞ்சுவதை நிறுத்தினார். எவாரிஸ்தோ வாங்கியதைப்போல இரண்டு மடங்கு கட்டணம். பேரம் பேசவில்லை. பதினோரு பக்கத்தையும் படித்து, கையெழுத்துப் போட்டு, மூன்று பிரதி எடுத்தார். இரண்டாம் நாள் ஓடை புதுப் பெயரில், நான்கு வருட நுரையோடு திரும்பி வந்தது. தளத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் கடை வாசலில் ஒட்டினார், எதிரே நீதிமன்றப் படியிலிருந்தே படிக்கலாம்.

திங்கட்கிழமை காலை ஆலை வக்கீலின் குமாஸ்தா வில்ஃப்ரிதோ கடை வாசலில் வந்து நின்றார். இருபது வருடமாக அந்த அலுவலகத்தில் காகிதம் சுமக்கிறவர். ஒரு தாளை மார்போடு அணைத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"எங்க மெஷின் கெட்டுப்போச்சு, ஞா எதெல்மிரா. மூணு பிரதி வேணும். ஆனா நீங்க படிக்கக் கூடாது."

"நான் எதைப் படிச்சிருக்கேன், வில்ஃப்ரிதோ? குடுங்க."

தெருவில் வேறு ஜெராக்ஸ் கடை கிடையாது. தாள் கைமாறியது. மூக்கில் இருந்த கண்ணாடி தலைக்கு ஏறியது, தலையில் இருந்தது மூக்குக்கு இறங்கியது. புதுத் தளத்தையும் உடனே மூட வேண்டும், இல்லையென்றால் வழக்கு என்று எவாரிஸ்தோவின் கம்பெனிக்கு எழுதியிருந்தது. இதிலும் நீதிபதி கையெழுத்து இல்லை.

"படிச்சுட்டீங்களே!" என்றார் வில்ஃப்ரிதோ பரிதாபமாக.

"என் பேரை இத்தனை பெரிசாப் போட்டா கண்ணு படாம என்ன செய்யும்? இது எவாரிஸ்தோவுக்குப் போய் என்ன பிரயோசனம்? ஓடை அங்க இல்லியே."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வக்கீல் குடுத்தாரு, கொண்டுவந்தேன்."

மூன்று பிரதி எடுத்து ஓரம் தட்டி அடுக்கினார். அப்புறம் ஒரு சீட்டைக் கிழித்து மொந்தெவிதேயோ கூட்டுறவின் பெயர், தெரு, கதவு எண், அஞ்சல் எண் எல்லாம் நிறுத்தி நிதானமாக எழுதினார்.

"விமானத் தபால்ல போடச் சொல்லுங்க. வியாழக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்ல?"

சீட்டைக் கடிதத்தின் நெற்றியில் வைத்து, ஸ்டேப்ளரை ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.