நாற்காலியோடு வந்த தலைவர்

இரணியல் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்து நின்றபோது ஜெபராஜ் அண்ணனின் மூத்த சகோதரி மேரி அக்காவின் அழைப்பு வந்தது. "மக்கா, தம்பி போயிட்டான்" என்றார். "எங்கே, மார்த்தாண்டத்துக்கா?" என்று கேட்டுவிட்டேன். செல்போன் உதிரிபாகம் வாங்க அண்ணன் ஓயாமல் அங்கே போவார். அக்கா அழுத பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று காலை மாரடைப்பு.

நாகர்கோவிலில் எங்கள் தெருமுனையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். இளவயதில் பைக் விபத்தில் கால்கள் செயலிழந்து, பிறகு சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். அவரை அறியாதவர்கள் பாவப்படுவார்கள். அறிந்தவர்களுக்கு அதற்கு அவர் இடம் கொடுத்ததில்லை.

கல்லூரி முடித்த நாங்கள் சிலர் இளைஞர் குழு தொடங்கி, 'எல்லோருக்கும் சமமான நகரம்' என்று பேனர் கட்டி விழா நடத்தினோம். சிறப்பு விருந்தினர் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்தன. அது எங்கள் கண்ணில் பட்டது அவர் வந்து நின்ற பிறகுதான். நாலைந்து பேர் அவரை நாற்காலியோடு தூக்கப் போனோம்.

"கைய எடுங்கலே! நான் என்ன சப்பரத்துச் சாமியா? போர்த்தணும்னா அவர கீழ இறங்கி வரச் சொல்லு."

சிறப்பு விருந்தினர் இறங்கி வந்தார். மைக் வயர் அவ்வளவு தூரம் எட்டாததால் அவருடைய நீண்ட உரை யாருக்கும் கேட்கவில்லை. விழா அருமை என்று தெருவே பாராட்டியது.

மறுவாரமே அண்ணனைத் தலைவராக இருக்கக் கேட்டோம். "எல்லாச் சங்கத்திலயும் நாற்காலிக்குத்தான் அடிதடி. நான் கையோட கொண்டு வாறேன், உங்களுக்குச் செலவில்ல" என்று ஒப்புக்கொண்டார்.

முதல் வேலை, மணி அண்ணாச்சியின் புரோட்டாக் கடை. வாசலில் உயரமான படி இருந்ததால் அண்ணனுக்கு எப்போதும் பார்சல்தான். சாய்தளம் கட்டச் சொல்லிக் கேட்டோம்.

"ஒரு ஆளுக்காக வாசல இடிக்கவாடே?" என்றார் அண்ணாச்சி.

அண்ணன் சண்டை போடவில்லை. அன்று மாலை முதல் கடைக்கு எதிரே ரோட்டிலேயே நாற்காலியை நிறுத்தி, "அண்ணாச்சி, ரெண்டு புரோட்டா! சால்னா தாராளமா!" என்று குரல் கொடுத்தார். நாங்களும் சுற்றி நின்று சாப்பிட்டோம். பின்னால் பஸ் ஹாரன் அலறும். "கொஞ்சம் பொறுங்க டிரைவரே, ஒண்ணு பாக்கி இருக்கு" என்பார். சில நாட்களில் டிரைவர்களே மணி அண்ணாச்சியைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

சாய்தளம் வந்தது. கோபத்தில் கட்டியதாலோ என்னவோ, சறுக்குமரம் போலச் செங்குத்தாக இருந்தது. மூச்சு வாங்க உச்சிவரை தள்ளிக்கொண்டு போனோம், கை வழுக்கிவிட்டது. அண்ணன் பின்னோக்கிப் பாய்ந்து, ரோட்டைக் கடந்து, எதிர்த் துணிக்கடைக்குள் போய் நின்றார். நல்லவேளை, பஸ் எதுவும் வரவில்லை. அலறிக்கொண்டு நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது, உறைந்து நின்ற கடைக்காரரிடம், "இவ்வளவு தூரம் வந்தாச்சு, நல்ல வேட்டியா ரெண்டு காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மணி அண்ணாச்சி கடையை விட்டு ஓடி வந்தார். "இனி நீயே நின்னு கட்டச் சொல்லுடே" என்று தாமே கடப்பாரை எடுத்து அதை உடைத்தார்.

இரண்டாவது சாய்தளம் சரியாக அமைந்தது. அண்ணன் தம் கையாலேயே சக்கரத்தை உருட்டி ஏறி, முதன்முறையாக அந்தக் கடைக்குள் மேசையருகே வந்து சேர்ந்தார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார்.

"என்ன அண்ணே?" என்றேன்.

"உள்ள ஃபேன் உண்டா? இத்தன வருஷமா ஒருத்தனும் சொல்லல்லியே மக்கா."

எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். அன்று மிகவும் மெதுவாகச் சாப்பிட்டார். யாருக்கும் அவசரப்படுத்த மனம் வரவில்லை.

பிறகு நூலகம், மருந்துக்கடை, ரேஷன் கடை என்று வேலை விரிந்தது. அவர் தலை தெரிந்தாலே சில கடைக்காரர்கள் சிமென்ட்டுக்குச் சொல்லிவிடுவார்கள். அவரைப் போலவே சக்கர நாற்காலியில், ஆனால் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த பலர் குழுவுக்கு வந்தார்கள்.

அடக்கத்தன்று அவர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டம் முழுவதும் மணல், சக்கரம் புதைந்துவிடும். என்ன செய்வதென்று வாசலில் தவித்து நின்றோம். உள்ளே மணி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துணிக்கடைக்காரரோடு சேர்ந்து, வாசலிலிருந்து குழிவரை பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. "ஆடுதா பாருங்கடே" என்று தாமே ஒவ்வொன்றிலும் ஏறி மிதித்துப் பார்த்தார். பிறகு ஒதுங்கி நின்றார். நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடவென்று உள்ளே போயின.

எல்லோரும் பக்கத்தில் வந்து சேர்ந்துவிட்டோம், அண்ணே. போய் வாருங்கள்.