நான் அழித்த எல்லைக்கல்

"அக்கா, நீங்க குடுத்த போட்டோவே என் குடியக் கெடுக்குது. ஒடனே கெளம்பி வாங்க!"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு போன். பேசியது செல்வராணி. ஆண்டிமடம் பக்கத்தில் முந்திரிக் கொல்லை வைத்திருப்பவர். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். கொல்லை முழுக்க இவர் பொறுப்பு.

என் கேமரா பைத்தியம் உங்களுக்குப் புதிதில்லை. அந்தக் கொல்லையைத் தாண்டி ஒரு பழைய கல்மண்டபம் நிற்கிறது. நாலு தூண், மேலே ஒரு கூரை, அவ்வளவுதான். எந்த ராஜா கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். மண்டபத்துக்கு முன்னால் பெரிய முந்திரி மரம் ஒன்று. ஒரே இடத்தில் நின்று, பருவத்துக்கு ஒரு படம் எடுப்பது என் வழக்கம். ஐப்பசி மழை கழுவிவிட்ட பச்சை, தையில் பூ, சித்திரையில் பழம்... போன வருஷம் மாசி மாத இளவெயிலில் எடுத்ததுதான் இருப்பதிலேயே அழகு. யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

யார் நிலத்தில் எடுத்தாலும் அவர்களுக்கு ஒரு பிரிண்ட் ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிடுவேன். மாசிப் படத்தில் செல்வராணிக்கு ஒன்று. மண்டபம் இருக்கிற அடுத்த கொல்லைக்காரர் கலியமூர்த்திக்கு ஒன்று. இவர் செல்வராணி கணவரின் பெரியப்பா மகன். அதாவது பங்காளி.

பங்காளி என்றதுமே பாதிக் கதை புரிந்திருக்குமே?

முள்ளுச் செடியை எடுக்க கலியமூர்த்தி பொக்லைன் கொண்டுவந்தார். அது வந்துபோன பிறகு இரண்டு கொல்லைக்கும் நடுவில் இருந்த எல்லைக்கல்லைக் காணோம். மரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில்தான் கல் இருந்தது, அதனால் மரம் என்னுடையது என்கிறார் செல்வராணி. அங்கே கல்லே கிடையாது, மரத்தையும் தாண்டி என் எல்லை வருகிறது என்கிறார் கலியமூர்த்தி. அளந்து காட்டச் சொல்லி சர்வேயருக்கு எழுதிப் போட்டாயிற்று. ஆனால் அவர் வரும்வரை முந்திரிக்கொட்டை விழாமல் காத்திருக்குமா? செல்வராணி கொல்லையிலேயே நன்றாகக் காய்க்கிற மரம் அது. கீழே விழுவதைப் பொறுக்கப் போவது யார்?

பேசித் தீர்க்க அன்று காலையில் கொல்லையிலேயே ஊரில் நாலு பேர் கூடியபோது, கலியமூர்த்தி சாட்சிக்கு ஆள் கூட்டி வரவில்லை. என் படத்தை ஆணியிலிருந்து கழற்றி எடுத்து வந்துவிட்டார்!

"மேடம் எடுத்த படம். இதுல கல்லு எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

மரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் படத்தில் செம்மண் மட்டும்தான் இருக்கிறது. கல் இல்லை.

எப்படி இருக்கும்? நான்தானே அதை அழித்தேன்!

சுண்ணாம்பு அடித்த கல். அத்தனை அழகான படத்தில் ஒற்றைப் பல் மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. செல்போன் ஆப்பில் விரலால் ஒரு தேய் தேய்த்தேன், போயே போயிற்று. இதென்ன பெரிய காரியம்? என் விரல் எத்தனையோ கரண்ட் கம்பிகளை, மோட்டார் கொட்டகைகளை, ஓரத்தில் எட்டிப் பார்த்த என் கணவரின் முழங்கையை அழித்திருக்கிறது.

முழங்கைக்குச் சொந்தக்காரர் கார் ஓட்டிக்கொண்டே கேட்டார். "அத்தன பேர் முன்னாடி நான்தான் அழிச்சேன்னு சொல்லப் போறியா? 'நோ ஃபில்டர்'னு போட்டுல்ல குரூப்புக்கு அனுப்புன?"

"ஃபில்டர் எங்கங்க போட்டேன்? அழிக்கத்தானே செஞ்சேன்?"

மனிதர் கியரை மாற்றி ஜெயங்கொண்டம் ரோட்டில் வண்டியை விரட்டினார்.

எனக்குப் பயமே இல்லை. எதை அழித்தாலும் ஒரிஜினலை மட்டும் அழிக்க மாட்டேன். எல்லாப் படமும் மடியில் இருந்த லேப்டாப்பில் பத்திரமாக இருந்தது.

கொல்லையில் எல்லோரும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். கார் பானெட் மேல் லேப்டாப்பைத் திறந்தால், வெயிலில் ஸ்கிரீனில் என் மூஞ்சிதான் தெரிகிறது. கலியமூர்த்தியே தோள் துண்டை எடுத்து விரித்து நிழல் பிடித்தார். அதற்குள் எல்லாத் தலையும் நுழைந்தது. ஐப்பசிப் படம்... கல் இருக்கிறது. தைப் படம்... இருக்கிறது. மாசிப் படம்... மரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் வெள்ளை வெளேர் என்று நிற்கிறது.

"அப்ப இது?" என்று கையிலிருந்த ஃபிரேமைத் தட்டினார் கலியமூர்த்தி.

"அது நான் கல்லை அழிச்சுட்டுப் பிரிண்ட் போட்டதுங்க."

"அழிச்சீங்களா? எதுக்குங்க?"

"பாக்க நல்லால்லைங்க. அதான்."

கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "ஒரு கல்லுக்காக நாம மண்டைய ஒடச்சுக்கறோம். இந்தம்மா நல்லால்லைன்னு வெரலால தேச்சுட்டாங்களாம்ல!"

"நான் பொய் சொல்லலைங்க மேடம். படத்துல இல்ல, அதான் இல்லன்னேன்" என்றார் கலியமூர்த்தி.

நம்பினேனா? பாதி நம்பினேன். ஆனால் முள்ளுக் குவியலுக்கு அடியில் கிடந்த கல்லை அவரே தேடிப் புரட்டினார். சர்வேயர் வந்து அளக்கும்வரை இருக்கட்டும் என்று, படத்தில் இருந்த இடத்திலேயே நட்டார்கள். செல்வராணி அந்தக் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்று அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. இத்தனை வருஷம் எடுத்த படங்களுக்கு வந்த லைக் எல்லாம் சேர்ந்தும் எனக்கு அன்றைய சந்தோஷத்தைத் தந்ததில்லை.

வரும் வழியில் யோசித்தேன். படத்தைக் கெடுக்கிறது என்று நாம் அழிப்பதெல்லாம் யாரோ ஒருவருக்கு வேண்டிய பொருள்தான். கரண்ட் கம்பி இல்லாமல் அந்தப் பச்சை வயலுக்குத் தண்ணீர் ஏது? அதற்காக இனிமேல் எதையும் அழிக்க மாட்டேன் என்று சபதம் செய்தேனா? இல்லை. அழிப்பேன். கம்பி கம்பிதான், அசிங்கம் அசிங்கம்தான்! நிலத்துக்காரருக்குக் கொடுக்கும் பிரிண்டில் மட்டும் உள்ளது உள்ளபடி இருக்கும்.

அப்படி முடிவு செய்து, கல்லோடு இருக்கும் மாசிப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, புதன்கிழமை செல்வராணி வீட்டுக்கு எடுத்துப் போனேன். பழைய படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழசே இருக்கட்டும்க்கா" என்றார். "கல்லு கொல்லையில நின்னா போதும். வூட்டுச் செவுத்துல எதுக்கு, அசிங்கமா!"