பதியாத விரல்கள்

மார்கழிக் குளிரில் ஓசூரில் டிரை எத்தனாலமைன் என்ற ரசாயனம் டிரம்முக்குள்ளேயே கட்டியாகிவிடும். அந்த டிரம்மை வெயிலுக்கு உருட்டிப் போட்டுவிட்டு, இளகிவிட்டதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார் எண்ணெய்க் கலவை போடும் பிளெண்டிங் அண்ணன். குருபரப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அவர் ஒருவர்தான் வேலைக்குப் போகிறவர். நான் அங்கே மூன்று வருடம் லேப் கெமிஸ்ட். லேத் பட்டறைகளுக்கான கூலண்ட் ஆயில் தயாரித்தோம். அமோனியாவும் எத்திலீன் ஆக்சைடும் சேர்ந்து பிறக்கும் இந்தப் பிசுபிசுத்த அமைன்தான் அதில் இரும்பைத் துருப்பிடிக்காமல் காப்பது. இரும்பைக் காப்பது மனிதத் தோலை என்ன செய்யும் என்று படித்தவள் நான் யோசித்திருக்க வேண்டும்.

கலவையைச் சோதிக்க என்னிடம் மீட்டர் இருந்தது. அண்ணனுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும். தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அமைன் கேக்குது மேடம்" என்பார். மீட்டரும் அதையேதான் சொல்லும். கையுறை கொடுத்தால், "இதப் போட்டா கண்ணக் கட்டி வுட்ட மாதிரி இருக்குது" என்று கழற்றி வைத்துவிடுவார். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அவர் விரலை நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

2000களின் பிற்பாதியில் வாசலில் கைரேகை வருகைப்பதிவு வந்தது. அண்ணனின் பத்து விரல்களில் ஒன்றையும் அந்த மெஷின் ஏற்கவில்லை. பிசுக்குதான் காரணம் என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். விரல் நுனிகள் வழுவழுவென்று இருந்தன, ரேகையே இல்லை. நான்கு நாள் முழுக்க வேலை செய்தும் பதிவில் அவர் ஆப்சென்ட்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அமைனில் புழங்கிப் புழங்கியே இவர் ரேகை தேய்ந்துவிட்டது, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே, கெமிக்கல் ஒத்துக்கொள்ளாத ஆளை வைத்திருக்க முடியாது என்று அவரை நிறுத்திவிட்டார்கள். மேனேஜரிடம் ஓடினேன். "நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க?" என்று என் கடிதத்தையே நீட்டினார்.

கேட்டருகே அண்ணன் சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்தார். நான் வாயெடுப்பதற்குள், "வுடுங்க மேடம். எனக்காக எழுதுனது நீங்க ஒருத்தர்தான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது வேறொரு கம்பெனியில் இருக்கிறேன். கையுறை இல்லாமல் யாரையும் டிரம் பக்கம் விடுவதில்லை. ரொம்பக் கண்டிப்பான மேடம் என்று பெயர். அந்தக் கண்டிப்பை அண்ணனிடம் காட்ட எனக்கு மூன்று வருடம் இருந்தது.