கிளரன்ஸின் மூன்று தீயணைப்பு வண்டிகள்

1956இல் எங்கள் பட்டின சபை தீயணைப்புக்கென்று ஒரு வண்டி வாங்கியபோது, அதை இழுக்கச் சேர்ந்தவர்களில் கிளரன்ஸும் ஒருவன். அப்போது அவனுக்கு மீசை கூடச் சரியாக அரும்பவில்லை. வண்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு சில்லு, நடுவே ஒரு கைப்பம்பு, அவ்வளவுதான். ஓலைக் கூரையில் பிடித்த நெருப்பு இவர்கள் வரும்வரை காத்திருக்குமா என்ன? மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தால் அங்கே நனைப்பதற்குச் சாம்பல்தான் கிடக்கும். ‘சாம்பல் வண்டி’ என்று ஊர் பெயர் வைத்துவிட்டது. ஊருக்கென்ன, பெயர் வைக்கக் காசா பணமா? கிளரன்ஸுக்கோ அது நெஞ்சில் தைத்த முள். சபையில் வேறு நல்ல வேலைகள் வந்தும் அவன் போகவில்லை. இந்தப் பெயரைக் கழுவாமல் நகரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

அறுபதுகளில் ஒரு பழைய லொறி வந்தது. முதுகில் தண்ணீர்த் தாங்கி, பக்கத்தில் மணி. கிளரன்ஸ் அதற்குச் சாரதியானான். ஓடினால் நல்ல வண்டிதான், ஓட வைக்கத்தான் ஊர் திரளவேண்டும். மானிப்பாய் றோட்டில் அதைத் தள்ளாத ஆம்பிளைகள் குறைவு.

எழுபத்தாறில்தான் அந்தச் சிவப்பு இஞ்சின் வந்து இறங்கியது. அப்பாடா, அதுவல்லவோ வண்டி! சாவியைத் திருகியதும் உறுமும். பம்பைப் போட்டால் தென்னை வட்டுக்கு மேலால் தண்ணீர் பாயும். கிளரன்ஸ் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்து அவன் மனைவி தேவகுமாரி, “கலியாண நாளிலையும் என்னை நீங்கள் இப்பிடிப் பாக்கேல்லை” என்றாள்.

அந்த வருடப் பங்குனியிலே ஒரு மத்தியானம் அடுப்பிலிருந்து கமலாவதியின் குசினி பற்றிக்கொண்டது. அவளுடைய வீடு, அண்ணன் பரமலிங்கத்தின் வளவுக்குப் பின்னால். அங்கே போகிற ஒடுங்கிய ஒழுங்கையில் பழைய கைவண்டி நுழைந்திருக்கும்; இஞ்சினோ அகலம் போதாமல் வாயிலேயே நின்றுவிட்டது. குழாயும் எட்டவில்லை. பரமலிங்கத்தின் முற்றத்தால் போய், இரண்டு வளவுக்கும் நடுவில் நிற்கும் கிளுவை வேலியை உடைத்தால்தான் உண்டு. அந்த வேலியை வைத்துத்தான் அண்ணனும் தங்கையும் ஒரு முழ நிலத்துக்காக வருடக்கணக்கில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

பரமலிங்கம் வேலிக்கு முன்னால் வந்து நின்றார். “வேலியிலை கை வையாதை, தம்பி. அது நிக்கிற இடந்தான் என்ரை சாட்சி.”

வேலிக்கு அந்தப்பக்கம், தன் குசினி எரிய எரியக் கமலாவதியும் கத்தினாள். “ஓம், அதைத் தொடாதையுங்கோ. உடைச்சால் அண்ணை இன்னும் உள்ளுக்குத் தள்ளி அடைச்சுப்போடுவார்.”

கிளரன்ஸுக்கு விசர் ஏறியது. நெருப்பு வீட்டு முகட்டுக்குத் தாவப் பார்க்கிறது, இதுகள் இரண்டும் முழக்கணக்குப் பார்க்குதுகள். இத்தனை வருடம் காத்திருந்து, இந்த வண்டியையும் வைத்துக்கொண்டு, இன்றைக்கும் சாம்பலையா நனைப்பது?

“வழக்கிலை என்ரை பேரையும் சேருங்கோ, அண்ணை. இப்ப விலத்துங்கோ.”

கியரைப் போட்டான். பரமலிங்கம் விலகினார். கிளுவைகள் சடசடவென்று முறிந்தன, புதுப் பெயின்ற் நெடுகக் கிழிபட்டது, தண்ணீர் பீறிட்டது. குசினி போய்விட்டது, வீடு தப்பியது. ஓட்டிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அந்த வீடு நின்றதைப் பார்த்தபோது, கிளரன்ஸுக்குத் தானே அதைக் கட்டி எழுப்பியது போலப் பெருமையாக இருந்தது. கண்ணும் கலங்கியது. புகை என்று சொல்லிச் சமாளித்தான்.

சில நாள் கழித்துப் பரமலிங்கம் கையில் கயிற்றோடு சபைக்கு வந்தார். நேரே போய் இஞ்சினின் முகப்புக்குக் குறுக்கே கயிற்றைப் பிடித்து, அகலத்தை அளந்து ஒரு முடிச்சுப் போட்டார். வழக்குத்தான் என்று கிளரன்ஸ் மனதைத் திடப்படுத்திக்கொண்டான்.

“என்னத்துக்கு அளக்கிறியள், அண்ணை?”

“வேலி திருப்பி அடைக்கிறம். உன்ரை வண்டி போய்வர நடுவிலை ஒரு படலை விடவேணும். கமலாவதியும் ஓமெண்டிட்டாள்.”

சொல்லிவிட்டு வண்டியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, இன்னும் ஒரு முழம் தள்ளிப் போட்டார்.