துருக்கிக் காப்பும் பச்சைக் கண்ணாடியும்

செத்தானா, இருக்கிறானா என்று தெரியாதவனின் பெண்டாட்டி கையில் வளையல் போடலாமா?

மட்டாஞ்சேரியில் அங்கம்மாளைப் பார்த்தவர்கள் இதைத்தான் கேட்டுக்கொண்டார்கள். அவள் புருஷன் செல்லப்பா எழுபத்திரண்டில் உரு என்ற பாய்மரக் கப்பலில் ஏறி வளைகுடாவுக்குப் போனான். அந்த உரு கரைசேரவில்லை என்று துறைமுகத்தில் பேச்சு. உடலைக் கண்டவர் இல்லை. கோவில்பட்டியிலிருந்து வந்த அவள் அண்ணன், வளையலை உடைத்துக் காரியத்தை முடிக்கச் சொன்னான். அவள் உடைக்கவில்லை. கைக்கு இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள் கிடந்தன. அதைப் பொறுமை என்று சொல்வது அவசரம். தெருவில் வளைகாப்பு வந்தால் அவளை அழைக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. பெண்கள் அவள் வாசலைப் பார்க்காததுபோலத் தாண்டிப் போனார்கள்.

யூதத் தெருவில், சிவசங்கரனின் பழம்பொருள் கடையில் வெள்ளி துலக்குவது அவள் வேலை. இஸ்ரேலுக்குக் குடிபோன குடும்பம் ஒன்று ஒரு ஜோடிக் காப்பை அங்கே விற்றுவிட்டுப் போனது. சுல்தான் காலத்தில் இஸ்தான்புல்லில் யாரோ ஒரு பெண் அணிந்தது. நூலாக இழுத்த வெள்ளிக் கம்பியைச் சுருட்டிப் பூவும் இலையுமாக ஒட்டியிருந்தார்கள். சாம்பல் போட்டுத் தேய்த்தால் நசுங்கிவிடும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கோழியிறகால் தடவுவாள். காப்பின் வாயை ஓர் ஆணி பூட்டியது. போடுகிறவளின் மறுகை மட்டும் போதாது. மாட்டிவிட இன்னொருவர் வேண்டும்.

ஒருநாள் வெள்ளைக்காரி ஒருத்தி அதைக் கையில் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். அவள் மணிக்கட்டு பெரிது.

"அங்கம்மா, நீ போட்டுக் காட்டு. கண்ணாடி வளையலைக் கழட்டிடு, உரசினாக் கம்பி பிரிஞ்சுடும்."

"கழட்டமாட்டேன் முதலாளி."

"செத்தவனுக்காக என் வியாபாரத்தைக் கெடுக்கிறியே!"

"செத்ததை நீங்க பார்த்தீங்களா?"

வெள்ளைக்காரி போய்விட்டாள். நாளையிலிருந்து வராதே என்றார் சிவசங்கரன். மறுநாள் வந்து இறகை எடுத்தாள். "சாயா குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

எண்பத்துமூன்றில், ஷார்ஜாவில் வேலை பார்த்துவிட்டு விடுப்பில் வந்த வைப்பின் தீவுக்காரன் வேலன் கடை தேடி வந்தான்.

"அக்கா, உங்க ஆளு ஜீவனோட உண்டு. அங்கே சாயாக்கடை. கண்டு பேசினேன்." கொஞ்சம் தயங்கினான். "குடும்பமும் உண்டு."

அங்கம்மாள் இறகைக் கீழே வைத்தாள்.

"சாயா நல்லாப் போடுதாரா?"

"கொள்ளாம், நல்லாப் போடும்."

"வீட்டில ஒருநாளும் போட்டதில்லை."

"அடுத்த மாசம் போவேன். எந்தா சொல்லணும்?"

"ஒண்ணும் வேண்டாம்."

மறுநாள் வெறுங்கையோடு வந்தாள். சோப்பு போட்டு உருவியிருக்க வேண்டும். நான்கு வளையல்களும் உடையாமல் முந்தானை முடிச்சில் இருந்தன.

"ஐயோ, யாரு போயிட்டா?" என்றார் சிவசங்கரன்.

"யாரும் போகலை."

துருக்கிக் காப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். அவை கிடந்த பஞ்சில் கண்ணாடி வளையல்களை வைத்து மூடினாள். மாட்டிவிட அவர் கை நீட்டுவதற்குள், இரு கையிலும் காப்பை ஏற்றி ஆணியைப் பல்லால் கவ்விச் செருகிக்கொண்டு, வாசலோரம் போய் உட்கார்ந்தாள். எதற்கு இது என்று அவர் கேட்டதற்கு, "மாட்டிவிட ஆள் வரட்டும்னு இனி காத்திருக்க முடியாது முதலாளி," என்றாள்.